முத்துக்குளிக்கும் படமும் மொரப்பூர்ப் பக்கத்துக் கிணறும்

கடலோரத்தில் பிறந்தவனுக்கு உப்புக்காற்று எட்டாத ஊரெல்லாம் வெளிநாடுதான். அந்த வகையில் போன சித்திரையில் நான் மூன்று நாள் வெளிநாடு போய்வந்தேன். போன இடம் தருமபுரி மாவட்டம். மொரப்பூருக்கும் அரூருக்கும் நடுவில் ஒரு கிராமம். கையில் கொண்டுபோனது ஒரு பழைய ஜப்பானியப் படம்.

நான் தூத்துக்குடிக்காரன். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டுப் படம் போடுகிற இடங்களில் திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து நின்று, வசனங்களைத் தமிழில் சொல்வது என் பொழுதுபோக்கு. கீழே ஓடும் எழுத்தைப் படிக்க முடியாதவர்களும் படம் பார்க்க வேண்டும் அல்லவா. ஆண், பெண், கிழவன், குழந்தை எல்லாம் என் ஒரே தொண்டைதான். வாய் நீளம் என்று என் மனைவி சொல்வாள். அதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்.

இந்தப் படம் கறுப்பு வெள்ளை. ஜப்பான் கடலில் முத்துச்சிப்பிக்காகக் குளிக்கும் பெண்களின் கதை. பெயரைச் சொன்னால் என் பல்செட் கழன்று விழும், ஆகவே பெயர் வேண்டாம். அங்கே பெண்கள்தான் கடலுக்குள் இறங்குகிறார்கள். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை படகில் இருக்கும் புருஷன் கையில். மூச்சு முட்டும்போது அவள் கயிற்றை இழுப்பாள், அவன் தூக்க வேண்டும். படம் முழுக்க அந்தக் கயிறுதான்.

லதா டீச்சர் என் பழைய சிநேகிதர் ஒருவரின் தங்கை. இண்டூரில் பிறந்து, இந்தக் கிராமத்தில் குடியிருந்து, பக்கத்து ஊரில் கணக்குப் பாடம் எடுக்கிறவர். கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு அமாவாசைதோறும் படம் போடுவது அவர் வழக்கம். தொலைபேசியில் அழைத்து, 'அந்தக் கயிறு புடிக்கிற படம் ஒண்ணு சொன்னீங்களே அண்ணா, அதை எடுத்துக்கிட்டு அமாவாசைக்கு முந்தின நாளே வந்துடுங்க' என்றார். எதற்கு அந்தப் படம்தான் வேண்டும் என்று கேட்டேன். வந்தால் தெரியும் என்று வைத்துவிட்டார்.

மொரப்பூரில் ரயில் நிற்கும் நேரத்தில் ஒரு தும்மல்கூட ஒழுங்காகத் தும்ம முடியாது. ஒரு மாங்காய்க் கூடைக்கும் ஒரு குடும்பத்துக்கும் நடுவில் பிதுங்கி இறங்கினேன். காலை எட்டு மணிக்கே வெயில் கன்னத்தில் அறைந்தது. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் அங்கே வியர்வை வழியும். இங்கே வியர்ப்பதற்குள் காய்ந்துவிடுகிறது.

பஸ்ஸில் பாட்டு அலறியது. படம் இருந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு மஞ்சள் பையில் போட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் வைத்திருந்தேன். கிராமத்து நிறுத்தத்தில் இறங்கி, பெட்டியைத் தூக்கி, பஸ் போன பிறகுதான் ஒரு கை சும்மா இருப்பதைக் கவனித்தேன். ஜப்பான் பெண்கள் அத்தனை பேரும் எனக்கு முன்னால் அரூர் போய்க்கொண்டிருந்தார்கள்.

இளநீர் ஏற்றிவந்த டி.வி.எஸ். காரர் ஒருவர், விவரம் கேட்காமலே, ஏறுங்க சார் என்றார். இரண்டு பக்கமும் இளநீர்க் குலை, நடுவில் நான். அரூர் பஸ் நிலையத்தில் கண்டக்டர் பையை ஒரு அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே ரேடியோவா என்று அந்த அம்மா கேட்டார். படம் என்றேன். இத்தனூண்டு பையிலா என்று தூக்கிப் பார்த்துவிட்டு, என்னை நம்பாமல்தான் கொடுத்தார்.

திரும்பி வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. லதா டீச்சர் தண்ணீர் கொடுத்த கையோடு, 'வாங்கண்ணா, ஒரு எடத்தைப் பாத்துட்டு வந்துடலாம்' என்று கிளப்பினார். முகம் கழுவக்கூட விடவில்லை. எனக்குக் கோபம்தான். பசி வேறு.

அழைத்துப்போன இடம் ஒரு கிணறு. பழைய கிணறு, தண்ணீர் வற்றிப்போய் ஆழப்படுத்துகிறார்கள். எட்டிப் பார்த்தேன். சுற்றிலும் வெட்டிய பாறை, அடியில் கல் பொறுக்கும் பெண்கள் என் சுண்டுவிரல் அளவு தெரிந்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. கடலில் ஆழம் தெரியாது, தண்ணீர் மூடிவிடும். இங்கே ஆழம் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

மேலே கரையிலிருந்து நாலடி தள்ளி ஒரு கிரேன். டீசல் இன்ஜின், இரும்புக் கம்பிக் கயிறு, அதன் நுனியில் ஓர் இரும்புத் தொட்டி. மண்ணும் கல்லும் அதில்தான் மேலே வருகின்றன. ஆட்களும் அதில்தான் இறங்கி ஏறுகிறார்கள். லிவரைப் பிடித்து உட்கார்ந்திருப்பவனுக்குக் கிணற்றுக்குள் எதுவும் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் கீழே கத்துவதும் கேட்காது. அதற்காக ஒரு நைலான் கயிற்றைக் கிணற்றின் அடிவரை தொங்கவிட்டு, மேல் முனையை அவன் கண்ணெதிரே ஒரு கழியில் மாட்டி, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். கீழிருந்து ஒரு தடவை இழுத்தால் துணி ஒரு தடவை குதிக்கும். தூக்கு என்று அர்த்தம். இரண்டு தடவை குதித்தால் நிறுத்து. இதை எனக்கு விளக்கியவர் சரோஜா. வலது கையில் மாவுக்கட்டு. இரண்டு வாரத்துக்கு முன் தொட்டி சரிந்து முழங்கையில் இடித்ததாம்.

லிவரில் இருந்தவன் பெயர் முனிராசு. முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல களையான முகம். ஒரு கை லிவரில், மறு கையில் போன். போனில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவன் மனைவி நாகம்மா தொட்டியில் ஏறினார். ஒல்லியான உருவம். புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். தொட்டி இறங்கியது. கம்பி ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று அது தொய்ந்தது. சிவப்புத் துணி இரண்டு தடவை குதித்தது. பிறகு மறுபடி இரண்டு தடவை.

முனிராசு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பி மேலும் மேலும் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சரோஜா இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் சொன்னது என் மண்டையில் ஏறவே இல்லை. சரோஜாதான் ஒற்றைக் கையால் ஒரு கல்லை எடுத்து கிரேன் தகரத்தில் எறிந்தார். அவன் நிமிர்ந்து பிரேக்கை மிதித்தான்.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். பாதி ஆழத்தில் தொட்டி ஒரு பாறை முனையில் உட்கார்ந்து சாய்ந்திருந்தது. நாகம்மா ஒரு கையால் தொட்டி விளிம்பையும் மறு கையால் நைலான் கயிற்றையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். தொட்டி இன்னும் ஒரு சாண் சரிந்திருந்தால், தொய்ந்த கம்பி மறுபடி இறுகும்வரை தொட்டியோடு கீழேதான். அவன் மெல்லத் தூக்கினான். தொட்டி நிமிர்ந்து மேலே வந்தது.

நாகம்மா இறங்கிவந்து துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். புருஷனும் மனைவியும் தெலுங்கில் இரண்டே வாக்கியம் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்கு. என்ன பேசினார்கள் என்று லதாவைக் கேட்டேன். அவர் தணிந்த குரலில் தமிழில் சொன்னார். அவன் கேட்டது: நீ துணியை ஆட்டவே இல்லையே? அவள் சொன்னது: ஆமாம், மறந்துபோனேன்.

இந்த இரண்டு வாக்கியமும் என் மஞ்சள் பைக்குள் இருந்தன. அந்த ஜப்பான் புருஷனும் இதையேதான் கேட்பான், அந்தப் பெண்ணும் இதையேதான் சொல்வாள். எத்தனையோ ஊரில் அதை நான் தமிழில் சொல்லியிருக்கிறேன். படகுப் பலகையில் ஈரத்தோடு கிடந்து இருமிக்கொண்டே அவள் சொல்வதை, நானும் இருமிக்கொண்டே சொல்லி, கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். 'இதுக்குத்தான் இந்தப் படத்தைக் கேட்டியாம்மா?' என்றேன். ஆமாம் என்று தலையசைத்தார் லதா.

டீ வந்தது. முனிராசு பீடிக்கு ஒதுங்கிய நேரத்தில் நாகம்மாதான் கிரேனில் உட்கார்ந்து இரண்டு தொட்டி மண்ணைத் தூக்கிக் கொட்டினார். ஆள் இல்லாத தொட்டி என்றால் அவர் தொடலாமாம். பழகிய கை. கண் துணியை விட்டு நகரவில்லை. அவரிடம் பயமாக இல்லையா என்று கேட்டேன். 'எங்கூட்டுக்காரர்தான சார் கை வெச்சிருக்காரு, என்னா பயம்' என்று சிரித்துவிட்டு அடுத்த தொட்டியில் இறங்கிவிட்டார். அன்று மட்டும் இன்னும் நான்கு தடவை இறங்கினார். நான் எண்ணினேன், வேறு வேலை ஓடவில்லை.

லதாவிடம் மட்டும் அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். தொட்டியில் கால் வைக்கும்போதெல்லாம் மகள் முகத்தை நினைத்துக்கொள்வாராம். புருஷனிடம் போனை வை என்று சொன்னால், என்மேல் நம்பிக்கையில்லையா என்று கேட்பானாம். பத்துப் பேர் முன்னால் அவன் தலை குனியக் கூடாது, அதனால் இறங்கிக்கொண்டே இருக்கிறாராம். கிணற்று வேலையை நடத்தும் மேஸ்திரியிடம் லதா பேசிப் பார்த்ததற்கு, புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நாம் போகலாமா டீச்சர் என்று கேட்டாராம். அடிப்பாறையை எட்ட இன்னும் பத்து நாள் வேலை இருந்தது. பத்து நாளும் அந்தத் தொட்டிதான்.

மத்தியானச் சாப்பாடு ராகிக் களி. மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று லதாவின் மாமியார் எச்சரித்தும் நான் மென்றேன். வாய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என்னைக் கௌரவிக்கக் கருவாட்டுக் குழம்பு. எந்த ஊர்க் கருவாடு என்று விசாரித்தேன். தூத்துக்குடி. எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அன்று இரண்டாவது உருண்டை இறங்கவில்லை.

மறுநாள் அமாவாசை. அன்று கிணற்றில் யாரும் கை வைக்க மாட்டார்கள். சமுதாயக் கூடத்தின் ஜன்னல்களில் தார்ப்பாயும் போர்வையும் கட்டி இருட்டாக்கினோம். மூன்று மணிக்குப் படம். உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது.

படத்தில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து ஜப்பான் பெண்கள் இடுப்பில் ஒரு துணியோடுதான் கடலில் குதிப்பார்கள். இதை லதாவிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். ஆண்களும் வருவார்கள், மேஸ்திரியும் வருவார், அந்த இடத்தைச் சாக்காக வைத்துக் கூட்டத்தைக் கலைத்துவிடுவார் என்று அவருக்குப் பயம். 'அந்த எடம் வர்றப்போ லென்சுமேல கையை வெச்சுடுங்கண்ணா' என்றார். அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் வேலை. சரி என்றேன். என்ன பெரிய விஷயம்.

பெண்கள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். நாகம்மா இரண்டாவது வரிசை, சரோஜா பக்கத்தில். ஆண்கள் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். முனிராசுவும் வந்திருந்தான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. மேஸ்திரி மட்டும் நாற்காலியில்.

படம் ஓடியது. புரொஜெக்டரைத் திரைக்கு அருகே ஸ்டூலில் வைத்து, அதன் பக்கத்தில் நின்று நான் மைக்கில் கடலாகவும் காற்றாகவும் கிழவியாகவும் மாறினேன். கடலையே பார்த்திராத பெண்கள் அலையைப் பார்த்து ஆவென்றார்கள். ஆனால் கயிறு வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. இடுப்பில் முடிச்சுப் போடும் இடத்தில் சரோஜா பக்கத்தில் இருந்தவளிடம், நம்ம தொட்டிக்கு இதுகூடக் கிடையாது என்றார். கூடம் முழுக்கக் கேட்டது. பின்சுவரில் யாரோ இருமினார்கள்.

அந்த இடம் வந்தது. அந்தப் பெண் மேல்துணியைக் களைந்து போட்டுவிட்டுக் கடலில் குதித்தாள். நான் லென்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தேன். திரை இருண்டது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சுக் குமிழிகள் வெடிக்கும் சத்தம். எவ்வளவு நேரம் மறைப்பது என்று எனக்குத் தெரியும். அவள் மேலே வரும்வரை. அப்போதுதான் உறைத்தது. இந்த நீளமான முக்குளிப்பில்தானே அவன் பக்கத்துப் படகுக்காரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இந்த இருட்டில்தானே அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறாள். எந்தக் காட்சிக்காக நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தேனோ அதையே என் கையால் மூடிக்கொண்டு நிற்கிறேன். முட்டாள் பயல் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கையை எடுத்தால் மேஸ்திரி எழுந்துவிடுவார். எடுக்காவிட்டால் நான் வந்ததே தண்டம்.

'கையை எடுங்க சார்.'

சரோஜா என்றுதான் நினைத்தேன். இல்லை, நாகம்மா. எழுந்து நின்றிருந்தார்.

'அவ தண்ணிக்குள்ள கெடக்குறா. அவன் இழுத்தானா இல்லியான்னு பாக்கணும். எடுங்க.'

மேஸ்திரி நாற்காலியை நகர்த்தினார், இது பொம்பளைங்க பார்க்கிற படமா என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒரு பெண் திரும்பாமலே, 'நாங்க கெணத்துல குளிச்சுட்டு மேல வர்றப்போ நீங்க கண்ணை மூடிக்கிட்டா நிக்கிறீங்க' என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார். நான் கையை எடுத்தேன். எடுத்து, படத்தைப் பின்னால் ஓட்டி, குதிக்கிற இடத்திலிருந்து மறுபடி போட்டேன்.

யாரும் அவள் உடம்பைப் பார்க்கவில்லை. நான் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லார் கண்ணும் கயிற்றில். படகின் விளிம்பில் கயிறு துடிக்கிறது. அவன் அங்கே பார்க்கவில்லை. துடிக்கிறது. பார்க்கவில்லை. ஒரு பெண் தன்னையறியாமல் கையை நீட்டி காற்றில் இழுத்தாள். கடைசியில் அவன் திரும்பி, பதறி, இழுக்கிறான். அவள் பலகையில் கிடக்கிறாள்.

இனி என் முறை. அந்த இரண்டு வாக்கியம். மாற்றிச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, யாருக்குத் தெரியப்போகிறது. பின்சுவரில் சலவைச் சட்டை தெரிந்தது. நாகம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். இருமல் நடிப்பு எதுவும் இல்லாமல், உள்ளதை அப்படியே சொன்னேன்.

'நீ கயிற்றை இழுக்கவே இல்லையே?'

'ஆமாம். மறந்துபோனேன்.'

ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தார்கள். நேற்று அந்தக் கிணற்றுக்கரையில் இருந்தவர்கள் எல்லாருமே. நாகம்மா மட்டும் திரும்பவில்லை. படம் ஓடியது. மறுநாள் காலை அந்தப் பெண் அதே கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை அதே கையில் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்து நிற்கிறாள். அதோடு படம் முடிந்துவிடும். போர்வைகளை அவிழ்த்தோம்.

'மறுநாளும் அவங்கிட்டயேவா குடுத்தா?' என்று சரோஜா என்னைக் கேட்டார், நானே கதை எழுதியவன் மாதிரி. ஆமாம் என்றேன். உங்கள் கடலில் யார் பிடிப்பார்கள் என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் பக்கம் ஆண்கள்தான் குளிப்பார்கள், கயிற்றை மச்சான் பிடிப்பான், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன், தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதே என்று அவன் கண் கொட்டாமல் இருப்பான் என்று சொன்னேன். சரோஜா கொஞ்சம் யோசித்தார்.

'அப்போ பொம்பள எறங்குனா அண்ணந்தம்பிதான் புடிக்கணும். புருசனுக்கு இன்னொரு பொண்டாட்டி கெடைப்பா. கூடப்பொறந்தவனுக்கு இன்னொரு அக்கா கெடைப்பாளா?'

சலவைச் சட்டை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. செருப்பு போட்டுக்கொள்ளக்கூட அவன் நிற்கவில்லை. நாகம்மா அந்தச் செருப்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

எனக்கு அன்று சாப்பாடு பிடிக்கவில்லை. ஜப்பான்காரிக்கு என்ன, படம் முடிந்தால் அவள் பாடு முடிந்தது. நாகம்மா அந்த வீட்டுக்குத்தானே போக வேண்டும். ஊருக்கு வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா, ஒரு குடும்பத்தில் கல்லெறிந்துவிட்டு ரயில் ஏறப்போகிறான் என்று என்னை நானே வைதுகொண்டேன். அவன் அடித்துவிடுவானோ என்று லதாவைக் கேட்டேன். அடிக்கிறவன் இல்லை, பேசாமல் இருக்கிறவன் என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. பேசாமல் இருக்கிறவன் கையில்தானே நாளைக்கும் லிவர்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எனக்குப் பஸ். ஒன்பது மணிக்கே பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுக் கிணற்றுக்குப் போனேன். லதாவும் வந்தார்.

முனிராசு கிரேனில் உட்கார்ந்திருந்தான். முகம் தூங்காத முகம். போன் சட்டைப் பையில். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாகம்மாதான் எப்போதும் முதலில் இறங்குபவர். மேஸ்திரி கையைக் காட்டினார். நாகம்மா தொட்டியைத் தாண்டி நடந்து கிரேனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தெலுங்கில் ஏதோ சொன்னார். அவன் நிமிர்ந்து பார்த்தான். லதா என் காதருகே சொல்லிக்கொண்டே வந்தார்.

இறங்கு, என்றாராம் நாகம்மா. ஒரு தடவை நீ கீழே போய்விட்டு வா. நான் இங்கே உட்கார்ந்துகொள்கிறேன்.

மேஸ்திரி பாய்ந்து வந்தார், இது என்ன விளையாட்டு என்று. மற்றப் பெண்கள் துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

முனிராசு மனைவியைப் பார்த்தான், உட்கார்ந்தவர்களைப் பார்த்தான். ஆளை வைத்து இறக்க உனக்குத் தெரியுமா என்று கேட்டான். நாகம்மா இந்தத் தடவை தமிழில் சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி. 'எட்டு வருசமா உன்னையத்தான பாத்துக்கினு இருக்கேன்.'

அவன் எழுந்தான். தொட்டியை நோக்கி இரண்டு எட்டு வைத்ததும் நாகம்மா கையை நீட்டினார். 'போனு.' அவன் எடுத்துக் கொடுத்தான். அவர் அதை இன்ஜின் பெட்டிமேல் வைத்தார்.

எட்டு வருஷம் கரையில் உட்கார்ந்தவன் அதுவரை ஒரு தடவைகூடக் கீழே போனதில்லையாம். தொட்டியில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்றே தெரியவில்லை. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தொட்டி கரையை விட்டு விலகி ஆடியபோது அவன் முகத்தை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

கம்பி இறங்கியது. நாகம்மாவின் கண் சிவப்புத் துணியில். பாதி ஆழம் போயிருக்கும், பெட்டிமேல் போன் அடித்தது. நல்ல குத்துப்பாட்டு. அடித்துக்கொண்டே இருந்தது, அதிர்வில் நகர்ந்து விளிம்புக்கு வந்தது. எங்கள் எல்லார் கண்ணும் போனுக்குப் போனது. அவர் கண் போகவில்லை. போன் கீழே மண்ணில் விழுந்து அடித்து ஓய்ந்தது. பாறை முனை இருக்கும் இடத்தில் அவர் வேகத்தைக் குறைத்தார். தாண்டியதும் மறுபடி விட்டார்.

கம்பி நின்றது. அடிக்குப் போய்விட்டான். நான் மூச்சை எண்ணத் தொடங்கினேன், கடற்கரைப் பழக்கம். பத்துகூட ஆகவில்லை. துணி ஒரு தடவை குதித்தது.

முந்தாநாள், இரண்டு வாரத்துக்கு முன்னால் என்று கணக்குத் தீர்க்க அவருக்கு எத்தனையோ இருந்தது. கொஞ்சம் காக்கவைத்திருக்கலாம். நானாக இருந்தால் வைத்திருப்பேன். துணி குதித்து அடங்குவதற்குள் தொட்டி கிளம்பிவிட்டது.

மேலே வந்தவன் தொட்டியை விட்டு இறங்கி மண்ணில் உட்கார்ந்தான். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சரோஜா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். குடித்துவிட்டுத் தெலுங்கில் ஒரு வாக்கியம் சொன்னான். லதா எனக்குச் சொன்னார்: கீழே இருந்து பார்த்தால் மேலே யாருமே தெரியவில்லை.

நாகம்மா லிவரை விட்டு எழுந்தார். அவன் போய் உட்கார்ந்தான். விழுந்த போனை அவன் தேடவில்லை; சரோஜா எடுத்துத் தன் மாவுக்கட்டுத் தூளிக்குள் போட்டுக்கொண்டார். நாகம்மா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொட்டியில் ஏறினார். இறங்கியது. பாறை முனையில் வேகம் குறைந்தது. அடியில் போய் நின்றது.

உடனே துணி ஒரு தடவை குதித்தது.

ஆள் இறங்கி மண்ணை அள்ளிப் போடவே அரை மணி ஆகும். என்னவோ ஆகிவிட்டது என்று நாங்கள் கரைக்கு ஓடினோம். அதற்குள் கம்பி மேலே வந்துகொண்டிருந்தது. தொட்டி கரைக்கு மேலே வந்தது. வெறும் தொட்டி, நடுவில் நாகம்மா, ஒரு கீறலும் இல்லாமல். முனிராசு எழுந்தே நின்றுவிட்டான். 'எதுக்கு இழுத்த? என்னா ஆச்சு?' என்றான்.

'ஒண்ணுமில்ல' என்றார் நாகம்மா. 'சும்மா இழுத்துப் பாத்தேன்.'

அவன் அவரைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து, துணியைப் பார்த்துக்கொண்டே, தொட்டியைக் கீழே இறக்கினான். மற்றப் பெண்கள் எழுந்து துண்டை உதறினார்கள். பத்து மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது. நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.